பெட்டி எங்கே, காது எங்கே?

(வீட்டுக் கணினிக்கு ஸ்பீக்கர் இணைப்பது குறித்துக் கொல்லிமலை செம்மேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கணினிக்கு ஸ்பீக்கர் மாட்டுவது எப்படி? இதுதான் இன்றைய தலைப்பு. “இதற்கு ஒரு சொற்பொழிவா? பச்சை ஓட்டையில் பச்சைப் பின்னைச் செருகினால் வேலை முடிந்தது” என்று சிலர் முணுமுணுப்பது மேடை வரை கேட்கிறது. முடிந்ததா? அப்படியானால் வூஃபர் செட் வாங்கிய வீட்டில் எல்லாம் பாடம் தெளிவாகக் கேட்க வேண்டுமே! கேட்கிறதா? சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. ஜன்னல் கதவு அதிர்கிறது, ஆனால் ஆசிரியர் சொன்னது பல்லியா பள்ளியா என்று பிள்ளைக்குப் புரியவில்லை. (சிரிப்பு)

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நல்ல ஒலியில் பாதிதான் கடையில் கிடைக்கும். மீதிப் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பெட்டியை எங்கே வைக்கிறீர்கள், எதில் செருகுகிறீர்கள், எதைக் கூட்டி எதைக் குறைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அந்தப் பாதிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை.

இதற்குச் சான்று தேடி நான் வெளியூர் போகவில்லை. இதே செம்மேட்டில் குதிரை மேல் சிலையாக இருக்கிறாரே வல்வில் ஓரி, அவரைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-ஆவது பாட்டு. ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியைக் கிடத்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது. இந்தக் கதை இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆடி மாதம் தோறும் விழா எடுத்துக் கேட்கிறோம். ஆனால் அம்புக்குப் பிறகு அந்தப் பாட்டில் என்ன வருகிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்?

அங்கேதான் ஐயா நம்முடைய தலைப்பு வருகிறது. அவனைக் கண்ட பாணர் கூட்டத்துக்கு அந்த வேட்டைக்காரன் யாரென்று தெரியாது. ஆனாலும் இவன் முன் பாட வேண்டும் என்று தோன்றுகிறது. கூட்டத்தின் தலைவர் உடனே வாயைத் திறந்து பாடிவிட்டாரா? இல்லை. ஒவ்வொருவராகப் பார்த்து வேலை சொல்கிறார். மண் பூசிய முழவைச் சரிசெய்யுங்கள் என்கிறார். யாழில் பண்ணைக் கூட்டுங்கள் என்கிறார். யானைத் துதிக்கை போல நீண்ட தூம்பை எடுங்கள், எல்லரியை எடுங்கள், ஆகுளியைத் தட்டுங்கள் என்கிறார். பதலை என்ற பறைக்கு வரும்போது மட்டும் குரலை மாற்றுகிறார். அதன் முகத்தை மெல்ல, மெதுவாக இயக்கச் சொல்கிறார்.

ஏன் அதற்கு மட்டும் மெல்ல? பதலை ஒருமுகப் பெரும்பறை. பெரிய தோல், கனத்த ஓசை. அது ஓங்கினால் பாட்டு அமுங்கிவிடும் என்று அந்தப் பாணருக்குத் தெரிந்திருக்கிறது. இது என் ஊகம். ஆனால் மேளக் கச்சேரி கேட்ட எவரும் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கருவியைச் சரிபார், சுருதி சேர், எது ஓங்க வேண்டும், எது தணிய வேண்டும் என்று முடிவு செய், பிறகு பாடு! இந்த மலையின் பெயரோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருக்கிற ஒலியமைப்புப் பாடம் இது. பாடி முடித்ததும் ஓரி தன் பெயரைக் கேட்டு வெட்கப்பட்டான் என்றும், இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுத்தான் என்றும் பாட்டு போகிறது. கொடுக்காமல் இருப்பானா? சொல் தெளிவாகக் கேட்டிருக்கிறதே!

சரி, நம் காலத்துக்கு வருவோம். ஸ்பீக்கர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓட, காந்தம் அதை முன்னும் பின்னுமாகத் தள்ள, கூம்பு காற்றை அசைக்கிறது. அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925-இல் உருவாக்கிக் காட்டிய அமைப்பு இது. நூறு வருடமாக அடிப்படை மாறவில்லை. மாறியது கணினிதான். 1981-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் பிசிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. அதற்கு ‘பீப்’ என்று கத்த மட்டுமே தெரியும். 1989-இல் சிங்கப்பூரிலிருந்து சிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற அட்டையைக் கொண்டுவந்தது. பிசி வகைக் கணினிகள் பரவலாகப் பேசவும் பாடவும் பழகியது அதன் பிறகுதான். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிற நாட்டிலிருந்து அது வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அதில் நம் பங்கு ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். (சிரிப்பு)

நம் ஊர்க் கதை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்குகிறது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய நாள் அது. இந்த மலையில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவாகத்தான் இருக்கும். 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும், கைபேசிக்கும், கணினிக்கும் வந்தது. ஒரு மடிக்கணினி முன்னால் அண்ணன், தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நான்கு தலைகள். மடிக்கணினிகளில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அடிப்பக்கத்தில். ஆசிரியர் அங்கிருந்து பிள்ளைகளின் முகத்துக்குப் பேசவில்லை, பாய்க்குப் பேசிக்கொண்டிருந்தார். தனி ஸ்பீக்கர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

சரி, வாங்கப் போகிறோம். கடையில் முதலில் என்ன கேட்கிறோம்? “எத்தனை வாட்?” இதைத்தான் கேட்கிறோம். கடைக்காரரும் அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார். அதில் பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் ஒரு எண் இருக்கும். ஐயா, அந்த எண்ணுக்கு ஒரு தராசும் கிடையாது, ஒரு படியும் கிடையாது. எப்படி அளந்தார்கள் என்று கேட்க ஒரு பொது விதி கிடையாது. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கிற எண்ணைப் பாருங்கள், தொடர்ந்து தாங்குகிற வாட் அதுதான். யுஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர் இருக்கிறதே, அதற்குக் கணக்கு நாமே போடலாம். பழைய யுஎஸ்பி துளை கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். ஐந்தை அரையால் பெருக்கினால் இரண்டரை வாட். கணினியிலிருந்து இரண்டரை வாட்தான் வருகிறது, பெட்டியின் மேல் 500 வாட் என்று எழுதியிருக்கிறது. மீதி 497.5 வாட்டை எந்த மின்வாரியம் கொடுக்கிறது? (சிரிப்பு, கைதட்டல்)

அதற்காக இரண்டரை வாட் போதாது என்று நினைக்காதீர்கள். சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 80-லிருந்து 90 டெசிபல் வரை கேட்கும். நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற பேச்சு 60 டெசிபல் அளவுதான். மேசைக்கு ஒரு வாட்டே தாராளம்.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஒலிக்கும் பெட்டிக்கும் காதுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேரே வந்து சேரும் ஒலி 6 டெசிபல் கூடும். அதே 6 டெசிபலை வாட்டைக் கூட்டிப் பெற வேண்டும் என்றால் எத்தனை மடங்கு வாட் வேண்டும்? நான்கு மடங்கு! எட்டடி தள்ளி டிவி ஸ்டாண்டில் இருக்கிற பத்து வாட் ஸ்பீக்கரை நாலடிக்குக் கொண்டுவந்தால், நாற்பது வாட் வாங்கிய பலன். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியும் கலப்பதால் பலன் கொஞ்சம் குறையும், ஆனால் போக்கு இதுதான். நகர்த்துவதற்கு என்ன செலவு? இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அடுத்தது வயர். இதோ என் கையில் இருப்பது மூன்றரை மில்லிமீட்டர் ஜாக். முன் வரிசையில் இருக்கிற பாப்பா, இங்கே வா அம்மா. இதில் கறுப்பு வளையம் எத்தனை இருக்கிறது? எண்ணிச் சொல். இரண்டு. நன்றி, போய் உட்கார். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் உலோகம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள். நுனித் துண்டு இடது ஸ்பீக்கருக்கு, நடுத் துண்டு வலது ஸ்பீக்கருக்கு, அடித் துண்டு இரண்டுக்கும் பொது. கைபேசிக்கான மைக் வைத்த இயர்போனில் வளையம் மூன்று, துண்டு நான்கு. கூடுதலாக வந்த துண்டு மைக்குக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் ஒரு வீட்டு லைனை இன்னொரு வீட்டு லைனோடு சேர்க்கச் செருகிய தடித்த பிளக்கின் பேரப்பிள்ளைதான் இது.

இந்தப் பின் முழுதாக உள்ளே போக வேண்டும். ‘டக்’ என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஹெட்போன் மாட்டியவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு ஓடும், வாத்தியம் எல்லாம் கேட்கும், பாடகர் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடுவார். பாட்டு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்! அந்தப் பொது இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அப்படி விட்டுப்போனால் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்கிறார்கள். சமமாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. பின்னை அழுத்திச் செருகினால் பாடகர் திரும்பி வந்துவிடுவார். வரவில்லை என்றால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது.

மேசைக் கணினியின் பின்பக்கத்தில் வண்ண வண்ணமாக ஓட்டைகள் இருக்கும். இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த ‘பிசி 99’ வழிகாட்டியில் வந்த வண்ண ஏற்பாடு அது. இளம்பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுக்க. ஆரஞ்சும் கறுப்பும் இருந்தால் அவை ஐந்தாறு பெட்டி வைக்கிறவர்களுக்கு. நமக்குப் பச்சை போதும். முன்பக்கத்தில் ஒரு பச்சை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் கணினியை அசெம்பிள் செய்தவர் உள்ளே அதன் வயரை மாட்டினாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். பின்பக்கப் பச்சையை நம்புங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, சத்தம் வரவில்லை. என்ன செய்வீர்கள்? ஸ்பீக்கரைத் தட்டுவோம். நம் குலவழக்கம் அது. (சிரிப்பு) தட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கணினியிலிருந்து பிடுங்கி, ஜாக் துளை உள்ள ஒரு கைபேசியில் செருகுங்கள். பாடுகிறதா? அப்படியானால் குற்றவாளி கணினி. பாடவில்லையா? குற்றவாளி ஸ்பீக்கர், அல்லது அதன் பவர் வயர். ஒரே நிமிடத்தில் வழக்கில் பாதி முடிந்துவிட்டது.

கணினிதான் என்றால், திரையின் வலது கீழ் மூலையில் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைத் தொட்டு, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் மானிட்டரோ டிவியோ மாட்டியிருந்தால், பல நேரம் கணினி தானாகவே “ஒலியும் அங்கேதான்” என்று முடிவு செய்துவிடும். மானிட்டருக்கு ஸ்பீக்கரே இருக்காது, ஆனாலும் ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கும். பட்டியலில் ஸ்பீக்கர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். இதற்காகவே கணினியைத் தூக்கிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போய், இறங்கி, கடைக்காரர் ஒரு தடவை சொடுக்கி, பாட்டு வந்து, திரும்ப எழுபது வளைவும் ஏறி!

சத்தம் வருகிறது, கூடவே ‘கொர்ர்’ என்று ஓர் உறுமல். பாட்டை நிறுத்தினாலும் உறுமல் நிற்கவில்லை. இது என்ன? நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அந்த ஐம்பது எப்படியோ ஸ்பீக்கர் வயருக்குள் நுழைந்துவிட்டது. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், சார்ஜர் வழியாகவும் ஸ்பீக்கர் வழியாகவும் இரண்டு வேறு பாதையில் எர்த் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்பீக்கர் வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்து முறுக்கிக் கட்டாதீர்கள். ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உறுமல் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் தடித்த எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள் சாமி! அந்தப் பின் உங்கள் பிள்ளையின் உயிர்.

இப்போது ஒரு வேடிக்கை காட்டுகிறேன். மேடையில் இரண்டு மரப்பெட்டி இருக்கிறது. நடுவில் இருப்பது 4440 ஐசி போட்ட சாதாரண ஆம்ப். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து நம்ம ஊர் ரேடியோ மெக்கானிக் கடைகளில் புழங்கிய அதே போர்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. முதலில் ஒழுங்காக மாட்டியிருக்கிறேன். கேளுங்கள்.

(பாடல் ஒலிக்கிறது.)

நன்றாக இருக்கிறதா? தபேலா நெஞ்சில் இறங்குகிறது, குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவிலிருந்து வருகிறது. இப்போது ஒரே ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டுகிறேன். வால்யூமைத் தொடவில்லை. அதே பாட்டு.

(பாடல் ஒலிக்கிறது.)

என்ன ஆயிற்று? தபேலா எங்கே? குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாராவது விரல் நீட்டிக் காட்டுங்கள் பார்ப்போம். முடியவில்லை அல்லவா? ஒரு கட்டிலை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் முன்னே தள்ள, மற்றவர் பின்னே தள்ளினால் கட்டில் நகருமா? ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. கனத்த ஓசை முழுக்க நடுவிலேயே செத்துப்போகிறது. எத்தனை வீட்டில் இப்படி மாற்றி மாட்டிவிட்டு, “பேஸ் பத்தவில்லை” என்று இன்னொரு வூஃபர் வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா? வயரில் நிறம் அழிந்திருந்தால் ஒன்றரை வோல்ட் பேட்டரிக் கட்டை ஒன்றை எடுத்து, பெட்டியின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு. ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், சுருள் சூடாகும்.

இனி இடத்துக்கு வருகிறேன். மேசையில் திரைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் உங்கள் தலை. மூன்றும் சேர்ந்து சம முக்கோணம். பெட்டிகள் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். சின்ன ஸ்பீக்கர் மேசையோடு ஒட்டி வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடியில் இரண்டு புத்தகம் வைத்துக் காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இடது பெட்டியை இடப்பக்கமே வையுங்கள். 1978-இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். எந்தக் கருவி எந்தப் பக்கம் என்று உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். நாம் இரண்டு பெட்டியையும் ஒன்றின் மேல் ஒன்றாக அலமாரி மேல் அடுக்கி வைத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்?

இந்த மலைக்கு மட்டும் ஒரு விஷயம் உண்டு. முன்பு மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாக இருந்த வீடுகள் இப்போது கான்கிரீட் வீடுகளாகிவிட்டன. நல்லதுதான், ஒழுகாது. ஆனால் மண்ணும் புல்லும் ஒலியை வாங்கிக்கொள்ளும், சிமெண்டும் டைல்ஸும் அப்படியே திருப்பி எறியும். வெறும் அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், ‘ணங்’ என்று வால் நீளும். அந்த வால்தான் ஆசிரியர் சொல்கிற அடுத்த சொல்லின் மேல் போய் விழுகிறது. வால்யூமைக் கூட்டினால் வாலும் சேர்ந்து கூடும். அப்போது என்ன செய்வது? தரையில் பாயை விரியுங்கள். கொடித்துணியை எதிர்ச்சுவரில் தொங்கவிடுங்கள். உங்களிடம் மிளகு மூட்டை இருக்கிறது, காப்பிக்கொட்டை மூட்டை இருக்கிறது. விற்கிறவரை அந்த மூட்டைகளை ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரோரம் அடுக்குங்கள். நகரத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பஞ்சுப் பலகை ஒட்டப் பெரும் பணம் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் அறுவடையே அந்த வேலையைச் செய்யும். தகர ஷீட் போட்ட வீடாக இருந்து, ஐப்பசி மழை கொட்டினால், ஸ்பீக்கரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த நேரத்துக்கு இயர்போன்தான்.

வூஃபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வூஃபர் என்கிற பெட்டி பாடுவது ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற தெளிவு பெரும்பாலும் 1,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அதாவது, பாடம் கேட்க வூஃபரால் ஒரு பயனும் இல்லை. தொல்லை மட்டும் உண்டு. அதை அறை மூலையில் வேறு வைப்போம். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அந்தக் கனத்த ஓசையை இன்னும் ஊதிவிடும். பாட்டுக்கு வூஃபர் வேண்டும், நான் மறுக்கவில்லை. மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். பேஸ் திருகை நடுவுக்குக் கீழே இறக்குங்கள். அந்தப் பழைய பாணர் பதலைக்குச் சொன்னதை உங்கள் வூஃபருக்குச் சொல்லுங்கள்! (கைதட்டல்)

வால்யூம் வைப்பதிலும் ஒரு முறை உண்டு. கணினியில் முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் உள்ள திருகால் வேண்டிய அளவுக்குக் கூட்டுங்கள். தலைகீழாக, கணினியில் கால்வாசி வைத்து ஸ்பீக்கரை முழுசாகத் திருகினால், பாட்டோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற இரைச்சலும் பெருகி வரும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் பற்றிக் கேட்பீர்கள். வயர் இல்லாத வசதி உண்டு. ஆனால் ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ தாமதமாக வரும். பாட்டுக்குத் தெரியாது. கீபோர்டு வாசித்துப் பழகுகிற பிள்ளைக்கு உடனே தெரியும்.

இன்னொருவருக்கும் அந்தத் தாமதம் உடனே தெரியும். பார்வையற்ற மாணவருக்கு! எனக்கு இந்தத் தலைப்பில் மிகப் பிடித்த பகுதி இதுதான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் என்விடிஏ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். திரையில் உள்ள எழுத்தைக் கணினி வாய்விட்டு வாசிக்கும். விலை கிடையாது, இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். கொஞ்சம் தகரக் குரல்தான், எம்.எஸ். அம்மா குரலை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பழகியவர்கள் அதை நாம் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓட்டிக் கேட்கிறார்கள். நமக்கு ஸ்பீக்கர் கணினியின் ஓர் உறுப்பு. அவர்களுக்கு ஸ்பீக்கர்தான் திரை. அவர்களுக்கு எந்த ஸ்பீக்கர் நல்லது? பெரியதா? இல்லை. சின்ன ஸ்பீக்கர், கையெட்டும் தூரம், வயர் இணைப்பு, பேஸ் அடியோடு குறைவு. உங்கள் ஊரில், உறவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த வாரமே போய் மாட்டிக் கொடுங்கள். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல். திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் சட்டம் என்று நினைக்காதீர்கள். மலையில் இரவு அடங்கிய பிறகு ஒலி எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஈரம் அதிகம், காகிதக் கூம்பில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது ஸ்பீக்கரைப் பாட விடுங்கள், சும்மா கிடப்பதுதான் அதற்குக் கெடுதல். சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் காற்று ஓடட்டும். ஜாக் பின்னில் பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். இடி இடித்தால் ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்குங்கள், மோடம் வயரையும் சேர்த்து. கீழே வாங்கி மேலே கொண்டுவருகிற செட்டை வளைவுகளில் ஜீப்பின் பின்பக்கம் உருளவிட்டுக் கொண்டுவராதீர்கள். உள்ளே கனத்த காந்தம் இருக்கிறது, அது ஆடி ஆடிச் சால்டர் விட்டுப்போகும். மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளுக்கு வருவோம். மூன்றாவது வரிசையில் ஓர் அண்ணன் வந்ததிலிருந்து மடியில் ஒரு வூஃபர் செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நானும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். வாங்க அண்ணே, மேடைக்குக் கொண்டு வாங்க. ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது. யாராவது ஒரு கைபேசியில் பாட்டு எடுத்து வையுங்கள். முதலில் இடது பெட்டி மட்டும்.